கைமாறிய நிறுவனமும் காக்க வேண்டிய நூல்களும்

இராசபாளையம் நூற்பாலைகளால் பெயர் பெற்றது. திருவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பனுவல்களால் பெருமையுற்றது. பஞ்சிலிருந்து நூல் நூற்பதையும் சொல்லிலிருந்து நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டுக் காட்டியவர் நன்னூலார். இருவகை நூலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆக்குவோர் ஒருவர், அதனைப் பிறரிடம் கொண்டு சேர்க்கும் நிறுவனம் வேறொருவருடையது. ஆலை கைமாறினால் ஊரே அறியும். பதிப்பகம் கைமாறினால் அறிவார் சிலரே. அம்மாற்றத்தால் நூல்களுக்கு நேர்வது யாது என்பதை ஹிக்கின்பாதம்ஸ் நிறுவன வரலாற்றின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு கைகள்

சென்னையில் வெஸ்லியன் கிறித்தவ சபையார் ஒரு புத்தகக் கடை நடத்தி வந்தனர். அங்குப் பணியாற்றிய ஏபல் ஜோசுவா ஹிக்கின்பாதம் 1844இல் அதனை விலைக்கு வாங்கித் தம் பெயரை இட்டார். விற்பனையோடு நில்லாமல் அச்சும் பதிப்பும் மேற்கொண்டார். திருக்குறள் முதலியவற்றோடு தென்னாட்டு மக்கள் பாடல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து சார்லஸ் கோவர் தொகுத்த நூல், 1871இல் இந்நிறுவனத்தின் வெளியீடாகவே வந்தது. இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில் 1904இல் புதிய கட்டடம் எழுந்தது.

1921இல் ஸ்பென்சர் நிறுவனத்தின் ஜான் ஓக்ஷாட் ராபின்சன் இதனை வாங்கி, அசோசியேட்டட் பப்ளிஷர்ஸ் என்னும் அமைப்பின்கீழ்க் கொணர்ந்தார். குடும்பச் சொத்து பெருங்குழுமத்தின் உறுப்பாயிற்று. 1945இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை நிறுவிய அனந்தராமகிருஷ்ணன் இதனைப் பெற்றார். நம்மாழ்வார் தோன்றிய ஆழ்வார்திருநகரியிற் பிறந்தவர் அவர். நாடு விடுதலை பெறுவதற்கு ஈராண்டு முன்னரே இந்நிறுவனம் இந்தியர் கைக்கு வந்தமை எண்ணி மகிழத்தக்கது.

சபையார், தனியொருவர் குடும்பம், ஆங்கிலேயர் குழுமம், இந்தியர் குழுமம் என உடைமை நான்கு கைகளைக் கண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. காரணம் எளிது. வாங்கியவர்கள் கட்டடத்தையும் சரக்கையும் மட்டும் வாங்கவில்லை. மக்கள் அப்பெயர்மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே வாங்கினர். ஆயினும் நாளடைவில் பதிப்புப் பணி ஒடுங்கியது. தென்னக இருப்புப்பாதை நிலையங்களின் புத்தகக் கடைகளால் அப்பெயரை அறிந்தோரே நம்மிற் பலர்.

நூலின் நிலை

அவ்வாறாயின் கோவரின் நூல் அழிந்ததா? இல்லை. 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1959இல் அதனை மறுபதிப்புச் செய்தது. ஒருவர் கைவிட்டதை மற்றொருவர் ஏந்தினார். ஆசிரியர் மறைந்து நெடுங்காலமாகிப் பதிப்புரிமை முடிந்திருந்தமையால் அது இயன்றது.

பிற்கால நூல்களின் நிலை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இன்று ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. அதற்கிடையே பதிப்பகம் கைமாறலாம், மூடியும் போகலாம். உரிமையை எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எங்கே, இசைவு தர வேண்டியவர் எவர் என்பது தெரியாமற் போகும். வாங்குவோர் இருந்தும் அச்சிடுவோர் இன்றி நூல் முடங்கும். பெரு நிறுவனத்துக்கு வாங்குவோர் கிடைப்பர். சிற்றூர்ப் பதிப்பகத்துக்குக் கிடைப்பது அரிது. எனவே முதலில் மறைவன நம் போன்ற ஊர்களில் அச்சேறிய நூல்களே.

நம் கடமை

மாணவச் செல்வங்கள் ஒரு நூலை எடுத்தால் ஆசிரியர் பெயரோடு பதிப்பகம், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றையும் குறித்துக் கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். நூல் எழுதும் ஆசிரியப் பெருமக்கள், குறித்த காலத்துக்குள் மறுபதிப்பு வாராவிடில் உரிமை தமக்கே திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்வது நன்று. பெரியோர்கள் தம் இல்லத்துப் பரணில் உள்ள பழம் பதிப்புகளைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாமல் கல்லூரி நூலகத்துக்கு அளித்துதவ வேண்டுகிறேன்.

நிறுவனத்தின் உடைமை விலைக்கு உரியது. நூலைக் காக்கும் பொறுப்போ படிப்போர் அனைவர்க்கும் உரியது.