பொங்கலுக்கு வேலை செய்யாத கூப்பன்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஹெச்.ஆர். அனுப்பும் சலுகைப் பட்டியலில், ஜிம் தள்ளுபடிக்கும் கண் பரிசோதனை முகாமுக்கும் நடுவே, செல்ஃப் டிரைவ் வாடகைக் காருக்கான கார்ப்பரேட் கூப்பனும் ஒரு வரியாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமைக்குப் போட்டுப் பார்த்தால் சமர்த்தாக வேலை செய்யும். பொங்கலுக்கு முந்தின நாளுக்குப் போட்டால் ‘இந்தத் தேதிக்குச் செல்லாது’ என்று வரும். கூப்பனை எடுத்துவிட்டுத் தேடினால், அதே கார் முழு வாடகைக்கு ஜம்மென்று நிற்கும்.

ஏமாற்று வேலை என்று திட்டத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது ஓர் அழகான நிகழ்தகவுக் கணக்கு. அதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் அந்தக் கூப்பனால் முழுப் பலன்.

கணக்கைப் போட்டவர் கார் கம்பெனிக்காரர் அல்ல. இன்றைய பிரிட்டிஷ் ஏர்வேஸின் முன்னோடிகளில் ஒன்றான பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட், 1972-இல் இதை முன்வைத்தார். மலிவு டிக்கெட் கேட்பவர் முன்கூட்டியே வந்துவிடுவார். முழுக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருப்பவர் கடைசி நேரத்தில் ஓடி வருவார். முன்னால் வருகிறவருக்கே எல்லா இடத்தையும் கொடுத்துவிட்டால் பின்னால் வருகிறவரை இழக்க வேண்டும். அவருக்காகக் காத்திருந்து அவர் வராமல் போனால் இடம் வீண். எத்தனை இடத்தை எடுத்து வைப்பது? லிட்டில்வுட்டின் விதி ஒரே வரிதான். முழு விலையை, அந்த விலைக்கு ஆள் வரும் வாய்ப்பால் பெருக்கு. இப்போது கையில் நீட்டப்படும் பணம் அதைவிடக் குறைவென்றால் கொடுக்காதே.

இதை வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்புக்குக் கொண்டுவருவோம். அங்கே ஒரு கற்பனைக் கம்பெனியிடம் 10 கார்; நாள் வாடகை ரூ.3,000. சனிக்கிழமைக்கு முழு வாடகை கொடுக்க 1 முதல் 10 பேர் வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 25% கூப்பன் இருக்கிறது. நீங்கள் தருவது ரூ.2,250. குறைந்தது மூன்று பேராவது வருவதற்கான வாய்ப்பு 80%. ஆகவே மூன்றாவது காரை எடுத்து வைத்தால் அதன் மதிப்பு ரூ.2,400. உங்கள் 2,250-ஐவிட அதிகம், எனவே எடுத்து வைப்பார்கள். நான்காவது காருக்கு வாய்ப்பு 70%, மதிப்பு ரூ.2,100. இதை உங்களுக்குக் கொடுப்பதே லாபம். ஆக மூன்று கார் பூட்டில், ஏழு கார் கூப்பன்காரர்களுக்கு.

பக்கத்துக் கம்பெனி நண்பரிடம் 50% கூப்பன் இருக்கிறது, பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் தருவது ரூ.1,500. ஐந்தாவது காருக்கே 60% வாய்ப்பு, மதிப்பு ரூ.1,800. எனவே அவருக்கு எதிராக ஐந்து கார் பூட்டில் போகும், மிச்சம் ஐந்துதான். தள்ளுபடி பெருகப் பெருகக் கதவு சீக்கிரம் சாத்தப்படுகிறது! எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஹெச்.ஆர். மெயிலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து மட்டும் கூப்பனின் மதிப்பைச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை கதையே வேறு. முழு வாடகைக்கு இரண்டு பேர் வந்தாலே அதிசயம் என்றால், எடுத்து வைக்க எதுவுமில்லை. கூப்பன் தாராளமாகச் செல்லும்.

வாடகைக் கார் தொழிலில் இந்த வகைக் கணக்கு ஒரு நிறுவனத்தின் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் நேஷனல் கார் ரென்டல் 1993-இல் இழுத்து மூடப்படும் நிலையில் இருந்தது. 7,500 பேர் வேலை ஊசலாடியது. அந்த ஆண்டு ஜூலையில் விலை, முன்பதிவு, கார் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உடனே லாபத்துக்குத் திரும்பியது. 1994 ஜூலையில் வந்த மேம்பட்ட அமைப்பு முதல் ஆண்டிலேயே வருவாயை 5.6 கோடி டாலர் உயர்த்தியது.

வைட்ஃபீல்டில் இந்தக் கணக்கு ரொம்பக் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்று இங்கே எல்லோருக்கும் ஒரே நாள்காட்டி. 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் முழுமையானதிலிருந்து காடுகோடி வரை மெட்ரோ ஓடுகிறது. ஆபீஸ் கேப் வேறு. திங்கள் முதல் வியாழன் வரை வாடகைக் காருக்கு அவ்வளவு தேவையில்லை. வெள்ளி சாயங்காலம் ஐ.டி.பி.எல். டெக் பார்க் வாசலில் இருந்து சர்ஜாபூர், அத்திபெலே வழியாக ஓசூரை நோக்கி ஊரே கிளம்பும். ஆம்னி பஸ் கட்டணம் பண்டிகைக்குப் பண்டிகை எகிறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

எல்லோரும் கிளம்பாத நேரத்தில் கிளம்புவதுதான் வழி. சனி, ஞாயிறு மட்டும் கார் கேட்பவர், கிராக்கியான இரண்டு நாளை மட்டும் கொத்திக்கொண்டு போகிறார். புதன் இரவு எடுத்துத் திங்களன்று திருப்பித் தருகிறவர், சும்மா நிற்கும் நாட்களுக்கும் சேர்த்துப் பணம் தருகிறார். வாடகை நாட்களின் நீளத்தையும் எடைபோடும் அமைப்பு இவருக்குக் கூப்பனைத் திறந்துவிட வாய்ப்பு அதிகம். வியாழன், வெள்ளி ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ வாங்கிச் சேலத்து வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை விரிக்க முடிந்தவர்களுக்கு இது கைகொடுக்கும். கூடுதல் நாளின் வாடகை, மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சாத்திய கதவு மறுபடி திறப்பதும் உண்டு. தேதி நெருங்கியும் முழு வாடகைக்காரர்கள் வராவிட்டால், மூன்றாவது காருக்கான அந்த வாய்ப்பு 80%-இலிருந்து சரிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் உங்கள் 2,250 கவர்ச்சியாகத் தெரியும். கட்டணமின்றி ரத்து செய்ய வசதி இருந்தால் முதலில் முழு வாடகைக்கு ஒரு காரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அவ்வப்போது கூப்பனைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண வார இறுதியில் பலிக்கும். பொங்கலுக்குப் பலிக்காது.

சதவீதம் எதன்மேல் என்பதும் முக்கியம். வாடகை தினம் மாறுகிறது. சாதாரண நாளில் ரூ.3,000, பண்டிகைக்கு ரூ.4,000 என்றால், 25% தள்ளுபடிக்குப் பிறகு நீங்கள் கொடுப்பது பழைய முழு வாடகைதான். சில ஒப்பந்தங்களில் சதவீதத்துக்குப் பதில் நிலையான தொகை பேசப்பட்டிருக்கும். வாடகை எகிறும் நாளில் அது கிடைத்தால் கொள்ளை லாபம். தள்ளுபடி பெரும்பாலும் அடிப்படை வாடகைக்கு மட்டுமே. கூடுதல் கிலோமீட்டர், டெலிவரி, டெபாசிட் எல்லாம் முழுசாகத்தான் வரும். மதுரை போய்த் திரும்பினாலே 900 கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்பதைத் தள்ளுபடிக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

நம்பர் பிளேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் 1989-ஆம் ஆண்டு ரென்ட் எ கேப் திட்டத்தின் கீழ் உரிமம் பெற்று ஓடும் செல்ஃப் டிரைவ் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. அந்த உரிமத்துக்குக் குறைந்தது 50 கார் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரின் வழக்கமான பாலிசி, வாடகைக்கு விடுவதை ஏற்பதில்லை. கிருஷ்ணகிரி தாண்டி எங்காவது இடித்துக்கொண்டால் செலவு யார் தலையில் என்பது அங்கேதான் முடிவாகும். கூப்பன் அலுவலக வேலைக்கா, சொந்தப் பயணத்துக்குமா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும் இதற்காகத்தான். கம்பெனி ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் சேதப் பாதுகாப்பு, ஆபீஸ் வேலையாகப் போகும்போது மட்டும் செல்லுபடியாவதும் உண்டு.