வெள்ளை ஸ்னீக்கர் வாங்கும் முன்

ராஜகீழ்ப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் காலையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளின் காலில் இருக்கும் தட்டையான ஸ்னீக்கர்களில் பலவும் கூடைப்பந்து ஷூவின் வாரிசுகள். கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-இல் கணுக்காலை மூடும் உயரத்தில் வந்தது. அதன் உயரம் குறைந்த வடிவம் 1957-இல். முன்பக்கம் ரப்பர் சிப்பி வைத்த அடிடாஸ் சூப்பர்ஸ்டார் 1969. நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 வந்தது 1982-இல். (அமெரிக்க அதிபரின் விமானப் பெயர் அது. நம் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பளபளப்பான மரத்தரைக்காகப் பிறந்த இந்த ஷூக்கள் வேளச்சேரி சாலையின் புழுதிக்கும் புழுக்கத்துக்கும் தாங்குமா என்பதைத்தான் கடையில் பார்க்க வேண்டும்.

முதலில் சோல். கான்வர்ஸில் ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டிச் சூட்டில் இறுக்கியிருப்பார்கள். மெல்லியது, நன்றாக வளையும், ஆனால் வெகுநேரம் நின்றால் பாதம் வலிக்கும். சூப்பர்ஸ்டாரில் கிண்ணம் மாதிரியான ரப்பருக்குள் மேல்பகுதியை உட்காரவைத்து, ஓரம் சுற்றித் தைத்திருப்பார்கள். கனம் அதிகம், ஆயுளும் அதிகம். மலிவு ஷூக்களில் தையல் போல அச்சு மட்டும் இருக்கும். நகத்தால் நெருடினால் தெரிந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் பசை விட்டுப்போனாலும் தையல் பிடித்துக்கொள்ளும்.

பாலியூரித்தேன் சோலாக இருந்தால் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சில வருடங்களில் அது தானாகவே உதிரும். போட்டுத் தேய்ப்பதே மேல்.

மேல்பகுதியை விரலால் மடித்துப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். பூச்சு தடித்த ரெக்சினில் மடிப்புக்கோடு அப்படியே நிற்கும், பிறகு அங்கேதான் உரியும்.

பைக் ஓட்டுபவர்களின் இடது ஷூவில் கியர் லீவர் கருப்பாகக் கோடு போடும். சூப்பர்ஸ்டாரின் ரப்பர் சிப்பி விளையாட்டை விட இங்கேதான் அதிகம் உதவுகிறது என்பேன். வெள்ளைத் தோல் பாவம்.

முன்பக்கத் துளைகள் காற்றுக்காக. மழையில் அவை வழியே தண்ணீரும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் செருப்பே போதும். நனைந்துவிட்டால் இன்சோலை எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம்.

அளவு பார்க்க மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸ் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் இடைவெளி பாருங்கள். கோயில் வாசலில் சட்டென்று கழற்ற உயரம் குறைந்த ஷூ வசதிதான். ஆனால் லேஸை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துப் போடும் பழக்கத்தில் பின்பக்கம் சீக்கிரமே மடங்கிப்போகும்.

ஓட்டத்துக்கு இவை ஆகாது. கனம் கூடுதல், மெத்தை குறைவு. அதற்கென்று தனி ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.