இசைத்தட்டுக் கலையில் தேர்வும் கருவியும்

மண விழாக்களிலும் விருந்து மன்றங்களிலும் பதிவுசெய்த பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒலிக்கச் செய்வோரை 'டீஜே' என வழங்குகின்றோம். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் இத்தொழிலை நாடும் இளைஞர் உளர். கடன்பட்டேனும் பெரிய ஒலிபெருக்கிகளை முதலில் வாங்கிவிட வேண்டுமென்பது அவருட் பலரின் வேட்கை. அப்பணம் முதற்கண் செல்லவேண்டிய இடம் அதுவன்று என்பதே எம் கருத்து. இதற்குச் சான்று நம் நாட்டு ஒலிபரப்பு வரலாற்றிலேயே உளது.

1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்பார், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டமைத்த பொறியால், கொழும்பிலே ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். பின்னர் 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்தது. அப்படையினர் பொருட்டு நிறுவப்பட்ட வானொலியின் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின் இலங்கைக்கு வாய்த்தது. அஃது இன்றேல் இலங்கை வானொலியின் குரல் கடல் கடந்திராது என்பதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், நிலையங்களின் தொகையில் அகில இந்திய வானொலியே மேம்பட்டிருந்தது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசையைத் தரங்குறைந்ததெனக் கருதி ஒதுக்கலானார். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கிற்று. நேயர் விருப்பத்தையும் இசைத்தட்டு விற்பனையையும் நோக்கிப் பாடல்களை வரிசைப்படுத்திய அந்நிகழ்ச்சிக்காக, இந்திய இல்லங்கள் கொழும்பின் அலைவரிசையைத் தேடின. தமிழ்ச் சேவையின் எஸ். பி. மயில்வாகனம் தமிழகத்திலும் வீட்டுப் பெயராயினார். 1957இல் அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு இடமளித்தது. நேயரை மீட்க அது மாற்றியது பாடற் றேர்வையே.

நம் முன்னோர்க்கு இஃது புதிதன்று. மாத்தளை முத்துமாரியம்மன் தேர்விழாவில் நாதஸ்வரக் கலைஞரை உற்றுநோக்குக. சுவாமி புறப்பாட்டிற்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. மணப்பந்தரிலோ ஊஞ்சலுக்கு லாலி, தாலி கட்டும் கணத்திற் கெட்டிமேளம். சீவாளியும் தவிலும் எத்துணைச் சிறந்தனவாயினும், தாலி ஏறும் வேளையில் ஒருவர் நீலாம்பரியில் தாலாட்டத் தொடங்கினால், மணமகனின் தாய்மாமன் சும்மா இருப்பாரோ?

கண்டி மண்டபமொன்றிற் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒருங்கு கூடுவர். ஆண்டு முதிர்ந்தாரும் சிறாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். இங்கேதான் தேர்வின் நுட்பம் விளங்கும். பைலா இசை எட்டின்கீழ் ஆறு என்னும் தாளக் கட்டில் நடப்பது. நம் டப்பாங்குத்தும் பெரும்பாலும் அத்தகைய மும்மை நடையினதே. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கையில் ஆடுவோர் கால்கள் தடுமாறுவதில்லை. மொழி மாறும், நடை மாறாது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரு மொழியினரையும் ஒருங்கே எழச்செய்வது இதற்குத் தக்க சான்று. இற்றைநாட் கருவிகள் இரு பாடல்களின் வேகத்தைத் தாமே ஒத்திசைக்க வல்லன. ஆனால் மூலையில் அமர்ந்த மூதாட்டியின் விரல் தாளமிடத் தொடங்கியதையோ, ஆடுவோர் களைத்து நீர் தேடுவதையோ அவை காணமாட்டா. அவற்றைக் கண்டவனே அடுத்த பாடல் யாதென அறிவான். எழுச்சிப் பாடல்களை முதல் அரைமணியிலேயே கொட்டித் தீர்த்துவிட்டவனுக்கு உணவின் பின் இசைக்க யாதும் எஞ்சாது.

சொற்கள் தெளிவாகக் கேட்கவேண்டும், ஒலி சிதைதலாகாது. கருவியிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. அதனை வாடகைக்கும் பெறலாம். கேட்டுப் பழகிய காதை வாடகைக்குப் பெற வழியில்லை. எனவே தொடங்குவோன் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பாடலின் நடை, வேகம், யார் யாருக்கு உகந்தது என்பனவற்றை எழுதி வருதல் நன்று. விழாவிற்கு முன்னரே மணவீட்டாரிடம் சில வினாவ வேண்டும்: விருந்தினர் எவ்வூரார், எம்மொழியினர், முதியோர் எந்நேரம்வரை இருப்பர், அண்மையில் இறந்தார் எவரையேனும் நினைவூட்டி வீட்டாரைக் கலங்கச் செய்யும் பாடல் ஏதும் உண்டோ என்று.