பெயர் இருந்தும் கிடைக்காதது ஏன்?

ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் விடுபட்டால் அன்றைய கூலியும் இல்லை. பேராக்கில் அத்தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் குடிபெயர்ந்த நாம், கோயில் சந்தாவுக்கும் மரண சகாய நிதிக்கும் தமிழிலேயே கணினியில் பட்டியல் வைக்கிறோம். பெயர் விடுபடும் கவலை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

கணினி மொழியில் இத்தகைய பட்டியலை அணி என்பார்கள். எண்ணிட்ட பெட்டிகளின் வரிசை என்று கொள்ளலாம். பெட்டிக்கு ஒரு பெயர். பெயர்கள் கலைந்து கிடந்தால் முதற் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 1000 பேரில் நம்மவர் கடைசியில் இருந்தால் 1000 முறை! அகர வரிசையில் அடுக்கிவிட்டாலோ நடுப் பெட்டியைத் திறந்தால் போதும். தேடும் பெயர் அதற்கு முன்னா, பின்னா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடலாம். எஞ்சியதிலும் அப்படியே. பத்து முறைக்குள் வேலை முடிந்துவிடும்.

அடுக்கியவரும் தேடுபவரும் ஒரே வரிசையைப் பின்பற்றினால்தான் இது பலிக்கும். தமிழில் இங்கேதான் சிக்கல். நாம் பள்ளியில் படித்த வரிசையில் ற, ன இரண்டும் கடைசி. யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டிலோ ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி குறியீட்டின் வழி வந்த வரிசை அது. பைத்தான் போன்ற மொழிகள், நாம் வேறு வகை சொல்லாவிட்டால், அதன்படியே எழுத்துகளை ஒப்பிடும்.

மணி, மதி, மயில், மலர், மனோகரன். அகராதி முறைப்படி கையால் அடுக்கிய பட்டியல் இது. இதில் மனோகரனைத் தேடச் சொல்கிறோம். கணினி நடுவிலுள்ள மயிலைப் பார்க்கிறது. அதன் கணக்கில் ன என்பது ய-வுக்கு முந்தியது. ஆகவே வலப்பக்கத்தை விட்டுவிட்டு மணி, மதி இரண்டையும் பார்த்து, 'இல்லை' என்கிறது. மனோகரனோ கடைசிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறார். இருபது ஆண்டு சந்தா கட்டியவர் குடும்பத்துக்கு இந்த 'இல்லை' எப்படி இருக்கும்?

தமிழ் அகர வரிசையை நிரலில் எழுதி, அடுக்கவும் தேடவும் அதையே பயன்படுத்தச் சொல்வதுதான் மாற்று. உறுப்பினர் எண்ணைக் கொண்டு அடுக்கித் தேடினாலும் இத்தொல்லை இல்லை. அதுவரை, திரை 'இல்லை' என்றால், முதலிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கச் சொல்லுங்கள். நேரமாகும், ஆனால் அந்தத் தேடல் எந்த வரிசையையும் நம்பி இருப்பதில்லை.