ஆமைக்குட்டியோடு செல்ஃபி எடுத்தேன்... ஏன் போஸ்ட் பண்ணவில்லை?

"சித்தி, இது ஏன் சுவத்துலயே முட்டிக்கிட்டு இருக்கு?"

அக்கா மகள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டபோது, நான் போனில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நீந்துது குட்டிம்மா" என்று சொல்லிவிட்டு, "கையில எடுத்துக் கேமராவைப் பார்த்துச் சிரி" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால், கேள்வியை விடவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அம்மா, அப்பா, அக்கா, அக்கா மகள், நான் என ஐந்து பேர் இலங்கைக்குக் கிளம்பினோம். கொழும்பிலிருந்து காலி போகும் கடற்கரைச் சாலையில், பெந்தோட்டையைத் தாண்டினால் கொஸ்கொட. சாலையின் இருபக்கமும் ஆமைப் படம் போட்ட போர்டுகளாகவே இருக்கும். "ஏழு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டு ஆமை காட்டாமப் போறதா?" என்றார் அப்பா. எனக்கும் ஆசைதான். ஆபீஸில் ரீல்ஸ் தருவதாக வேறு சொல்லியிருந்தேன்!

டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். முதலில் மணல் பாத்தி. வலை போட்ட வேலிக்குள் சின்னச் சின்னப் பலகைகள். எந்த வகை ஆமை, எந்தத் தேதியில் புதைத்தது, எத்தனை முட்டை என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தார்கள். அதைத் தாண்டினால் சிமென்ட் தொட்டிகள். ஒன்றில் நேற்றும் அதற்கு முன்தினமும் பொரிந்த குட்டிகள். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அடுத்ததில் மீன்வலையில் சிக்கித் துடுப்பை இழந்த பெரிய ஆமை. இன்னொன்றில், பிறவியிலேயே நிறமில்லாத வெள்ளை ஆமை. "கடல்ல விட்டா எதிரி கண்ணுல உடனே பட்டுரும். அதான் இங்கேயே வச்சிருக்கோம்" என்றார் அங்கே வேலை பார்ப்பவர். அவர் சிங்களம் கலந்த ஆங்கிலத்தில் சொன்னதை எல்லாம் எங்கள் வேன் டிரைவர் அண்ணன் தமிழில் சொன்னார். அவர் ஹட்டன் பக்கத்துக்காரர்.

அந்த 24 மணி நேரம்

அன்று இரவு ஹோட்டலில் ரீல்ஸை எடிட் செய்ய உட்கார்ந்தேன். கேப்ஷனுக்காக நாலு தகவல் தேடினேன். அப்போதுதான் குட்டிம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

கடலாமை முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள்கள் ஆகும். குட்டிகள் பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவில்தான் கூட்டமாக மேலே வரும். வந்ததும் வெளிச்சம் தெரியும் திசையில், அதாவது கடலை நோக்கி ஓடும். நீரைத் தொட்டதும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வெறிபிடித்ததுபோல் நீந்தும். மீன்களும் பறவைகளும் அதிகமிருக்கும் கரையோரத்தைக் கடந்து ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும். அதற்குத்தான் அந்த வேகம். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அந்தப் பயணத்துக்கான கட்டுச்சோறு.

தொட்டியில் கிடக்கும் குட்டியும் அதே வேகத்தில்தான் நீந்துகிறது. போவதற்குத்தான் கடல் இல்லை. சுவரில் முட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி முட்டுகிறது. இரண்டு, மூன்று நாள் கழித்துக் கடலில் விடும்போது, கட்டுச்சோற்றில் பாதி காலியாகி, அந்த வேகமும் அடங்கியிருக்கும்.

நான் எடுத்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். குட்டிம்மாவின் விரல்களுக்கு நடுவே அந்தக் குட்டி துடுப்புகளை அடித்துக்கொண்டே இருந்தது. "டாட்டா காட்டுது பாரு" என்று பின்னணியில் என் குரல்.

கடலில் விடப்படும் ஆயிரம் குட்டிகளில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒன்று நம் கையில் இருந்ததாகவும் இருக்கலாம் அல்லவா?

வில்லன் யார்?

மறுநாள் வேனில் இதைச் சொன்னதும், டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நீங்க சொல்றது சரிதான் தங்கச்சி. ஆனா ஒண்ணு. இந்தப் பக்கத்துல ஆமை முட்டையைத் தோண்டி வித்துச் சாப்பிட்ட காலம் உண்டு. இப்ப அதே ஆள் முட்டையை இவங்ககிட்டக் கொண்டாந்து குடுக்கிறான். இவங்க காசு குடுக்கிறாங்க. அந்தக் காசு எங்கேயிருந்து வருது? நீங்க வாங்கின டிக்கெட்லதான். யாரும் வரலன்னா முட்டை மறுபடி சந்தைக்குத்தான் போகும்."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இலங்கையில் கடலாமையைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் கிராமத்தினர் எடுத்துவரும் முட்டைகளை வாங்கித்தான் பல பண்ணைகள் இயங்குகின்றன. 2004 சுனாமி இந்தக் கரையிலிருந்த பண்ணைகளைச் சிதைத்துப் போட்டது. இருந்தும் மீண்டும் கட்டினார்கள். துடுப்பு இழந்த அந்த ஆமைக்கு மீன் துண்டு ஊட்டியவரின் முகத்தை நான் பார்த்தேன். அதில் நடிப்பு இல்லை.

சிக்கல் அவர் மனசில் இல்லை. வியாபாரக் கணக்கில் இருக்கிறது. பஸ் எந்த நேரத்தில் வந்து நின்றாலும் காட்டுவதற்குத் தொட்டியில் குட்டி இருக்க வேண்டும். பொரிந்த இரவே எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட்டால், காலையில் வரும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எதைக் காட்டுவது? குட்டியைத் தொட்டியில் வைத்திருக்கச் சொல்வது யார் என்று யோசித்தால், விரல் கடைசியில் என் பக்கம்தான் திரும்புகிறது.

போவதற்கு முன் கேளுங்கள்

கடலாமை பார்க்கப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இலங்கை, தாய்லாந்து, பாலி என எங்கே போனாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. பொரிந்த குட்டிகளை எப்போது கடலில் விடுகிறார்கள்? அன்றைக்கே என்றால் நல்லது. நாள்கணக்கில் தொட்டியில் என்றால் யோசியுங்கள்.

2. எந்த நேரத்தில் விடுகிறார்கள்? இருட்டிய பிறகோ அதிகாலையிலோ விடுவதுதான் பாதுகாப்பு. பட்டப்பகலில் விட்டால் காகத்துக்கும் கடற்பறவைக்கும் விருந்து.

3. கையில் எடுக்கச் சொல்கிறார்களா? நம் கையில் உள்ள சன்ஸ்கிரீனும் கிருமியும் ஆமைக்குப் போகும். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா கிருமி நமக்கு வரும். சிறு குழந்தைகளுக்கு இது ஆபத்து. தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

4. பெரிய ஆமைகள் ஏன் தொட்டியில் இருக்கின்றன? காயம், பார்வையின்மை என்று காரணம் இருக்க வேண்டும். ஆரோக்கியமான ஆமை காட்சிக்காக மட்டும் அடைபட்டிருக்கக் கூடாது.

5. முட்டைகளை இயற்கையான இடத்திலேயே காவல் காக்கிறார்களா? இலங்கையின் தென்கரையில் தங்காலைக்குப் பக்கத்தில் உள்ள ரெக்கவ கடற்கரையில், ஆமை இட்ட இடத்திலேயே முட்டையை விட்டுவைத்துக் காக்கிறார்கள். இரவில் தள்ளி நின்று அமைதியாகப் பார்க்கலாம். ஆமை வராமலும் போகலாம். அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

பெசன்ட் நகரில் ஒரு சாயங்காலம்

ஊர் திரும்பியும் குட்டிம்மா விடவில்லை. "அந்த ஆமை கடலுக்குப் போயிருக்குமா?" என்று வீடியோ காலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் ஏப்ரல் மாதம் அவளை பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

சென்னைக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் இதே வேலையைச் செய்கிறது. இங்கேயும் முட்டையை இடம் மாற்றத்தான் செய்கிறார்கள். நாயும், மனித நடமாட்டமும், கடற்கரை விளக்குகளும் நிறைந்த நகரத்தில் வேறு வழியில்லை. ஆனால் தொட்டி கிடையாது. பொரிந்த குட்டி கடலுக்குப் போகிறது, அவ்வளவுதான். இவ்வளவு பேர் பாடுபட்டும் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இதே சென்னைக் கரையில் செத்து ஒதுங்கியதை மறந்துவிட முடியாது. இழுவலையில் சிக்கினால் மூச்சு எடுக்க மேலே வர முடியாமல் அவை மூழ்கிச் செத்துப்போகும்.

அன்று வெளிச்சம் மங்கிய பிறகு கூடையிலிருந்து குட்டிகளை ஈரமணலில் விட்டார்கள். மணலில் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது" என்றார் ஒரு கல்லூரி மாணவி. குட்டிம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு குட்டி அலையில் புரண்டு திரும்பி வந்தது. மறுபடி போனது. மூன்றாவது அலை அதை எடுத்துக்கொண்டது.

"சித்தி, இது சுவத்துல முட்டாதுல்ல?"

"முட்டாது."

பெண் ஆமைகள் தாங்கள் பிறந்த கரைப் பகுதியைத் தேடித்தான் முட்டையிட வரும் என்று அவளுக்குச் சொன்னேன். பத்துப் பதினைந்து வருஷம் ஆகும் என்றதும் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நான் காலேஜ் போயிருப்பேன். வந்து பார்ப்பேன்" என்றாள்.

கொஸ்கொட செல்ஃபி இன்னும் என் போன் கேலரியில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. அடுத்த டூரில் "கையில எடுத்துக் கேமராவைப் பார்த்துச் சிரி" என்று சொல்லத் தோன்றினால், ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.