பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவோமா, விடுவோமா?

நோர்வேக்கு வந்து சேரும் எம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் பொருள் தேடுகின்றன. முதலில் குளிர் உடுப்பு, பிறகு கட்டில், மேசை, தொலைக்காட்சி, அதன்பின் சாரதி அனுமதிப்பத்திரம், கடைசியில் ஒரு பாவித்த கார். பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுபோகவும், அரிசி மூட்டை ஏற்றவும், இரவு வேலை முடிந்து வீடு வரவும் அந்தக் கார் உதவினால் போதும் என்பதே எங்கள் எண்ணம். அது சரியான எண்ணம்தான்.

ஆனால் மனிதருக்கு ஆசை என்று ஒன்றும் இருக்கிறது. ஒஸ்லோவில் ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரிவில் வேலை செய்யும் நாங்கள் நான்கு தமிழர்கள் கடந்த குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் பேசியது ஒரே விடயத்தைத்தான். எங்களில் ஒருவர் பழைய போர்ஷே 911 ஒன்றை வாங்க விரும்பினார்.

"அண்ணை, பத்து வருஷமா மெசினுக்குப் பக்கத்தில நிண்டு உழைச்சிட்டன். எனக்கெண்டு வடிவான சாமான் ஒண்டு வாங்கக் கூடாதோ?" என்று அவர் கேட்டபோது, "கூடாது" என்று உடனே சொல்ல எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே விசாரித்தோம், கணக்குப் போட்டோம், கார்களைப் போய்ப் பார்த்தோம். அறிந்துகொண்டவை புதிதாக வந்த குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம். போர்ஷே வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். இதில் பாதி எந்தப் பாவித்த காருக்கும் பொருந்தும்.

தண்ணீர் இல்லாத எஞ்சின்

எங்கள் ஊர் மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் முன்னால் ரேடியேற்றர் உண்டு. அதற்குத் தண்ணீர் விடவேண்டும். போக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஆமை வடிவக் காருக்கு அது கிடையாது. எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். பட்டி ஒன்றினால் சுற்றும் விசிறி காற்றை அடித்து எஞ்சினைக் குளிர்விக்கும். மிகுதிச் சூட்டை ஒயில் எடுத்துச் செல்லும்.

இதே முறையில்தான் போர்ஷேயும் பிறந்தது. 1948இல் ஒஸ்ரியாவின் குமுண்ட் என்ற ஊரில் 356 என்ற முதல் போர்ஷே செய்யப்பட்டது. 1963இல் பிராங்பேட் கண்காட்சியில் ஆறு சிலிண்டர் கொண்ட புதிய கார் 901 என்ற பெயரில் வைக்கப்பட்டது. நடுவில் பூச்சியம் வரும் இலக்கங்கள் தங்களுக்கு உரியவை என்று பிரான்சின் பேஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவிக்கவே, 1964இல் அதன் பெயர் 911 ஆனது. காற்றினால் குளிரும் 911 கார்களின் உற்பத்தி 1998இல் நின்றது. அதற்குப் பிந்தியவை தண்ணீரால் குளிர்பவை. இனிமேல் புதிதாக வராது என்பதனால்தான் பழையவற்றுக்கு இவ்வளவு விலை.

ஆமைக் காரோ ஏழைகளின் உறவினன். இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, கடைசிக் கார் 2003இல் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் வெளிவந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கார்மன் கியா என்று ஒன்று உண்டு. இத்தாலிய அழகும் ஆமைக் காரின் எஞ்சினும் கொண்டு 1955 முதல் 1974 வரை ஜேர்மனியில் செய்யப்பட்டது. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டத்தில் குடும்பக் கார்.

அங்கும் இங்கும்

பழைய காரை உயிரோடு வைத்திருப்பது எமக்குப் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எங்கள் தகப்பன்மார் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணை எரிக்கும். ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நோர்வேஜியர்களுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கு கார் வாங்க அரசின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு 1960 ஒக்ரோபர் 1ஆம் திகதிதான் நீங்கியது. அதன்பின் பல குடும்பங்களின் முதற் கார் ஆமைக் கார்தான். அதை இவர்கள் "பொப்லெ", அதாவது குமிழி என்று செல்லமாக அழைக்கிறார்கள். எங்களோடு வேலை செய்யும் ஒரு வயோதிபர் ஐந்து வருடமாகக் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல்லும் பேசியதில்லை. பொப்லெ என்ற சொல்லைக் கேட்டதும் அரைமணி நேரம் தன் தகப்பனின் காரைப் பற்றிக் கதைத்தார். மொழி வகுப்பில் கிடைக்காத நோர்வேஜிய மொழி அன்று கிடைத்தது. இதுவும் ஒரு இலாபமே.

பனியும் உப்பும்

தண்ணீர் இல்லாத எஞ்சினில் உறைவதற்கு ஒன்றுமில்லை. குளிர் நாட்டுக்கு அது நல்லதுதான். கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. ஒஸ்லோ வீதிகளில் பனி உருக உப்பு தூவுகிறார்கள். பழைய இரும்புக்கு உப்பு எமன். கதவின் கீழ்ப்பகுதி, சில்லுக்கு மேலுள்ள வளைவு, பற்றரிக்குக் கீழுள்ள தட்டு ஆகிய இடங்களில் கறள் முதலில் பிடிக்கும். 911இல் 1976ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து உடல் முழுவதும் நாகப் பூச்சுக் கொண்டது. அதற்கு முந்தியது என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் கார்களில் உள்ளே வரும் வெப்பக் காற்று, புகைக் குழாயைச் சுற்றியுள்ள இரும்புப் பெட்டியில் சூடாகி வருகிறது. அந்தப் பெட்டி கறள் பிடித்து ஓட்டையானால் காற்றோடு புகையும் வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போகும் காரில் இது விளையாட்டல்ல.

ஒயில் மாற்றமும் வால்வு இடைவெளி சரிபார்த்தலும் தவறாமல் நடக்கவேண்டும். ஆமைக் காரின் எஞ்சின் கொள்வது இரண்டரை லீற்றர் ஒயில்தான். சூட்டைக் கொண்டுபோவதும் அதுவே. ஓடும்போது பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தவேண்டும். விசிறியின் பட்டி அறுந்திருக்கக்கூடும். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டினால் எஞ்சின் முடிந்துவிடும். எதனோல் கலந்த பெற்றோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் பார்த்து மாற்றவேண்டும்.

ஓட்டும் விதம்

இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு இங்கு குடியேறியபின் மூன்று மாதம்தான் ஓட்டலாம். பிறகு இங்குள்ள பயிற்சியும் பரீட்சையும் வேண்டும். அதில் வழுக்கும் தரையில் ஓட்டும் பாடம் கட்டாயம். அந்தப் பாடத்தின் அருமை பின் எஞ்சின் காரில்தான் தெரியும். 911இன் பாரம் பின் சில்லுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து சடுதியாகக் காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். இன்றைய கார்களில் வழுக்கலைத் தடுக்கும் கருவிகள் உண்டு. பழைய காரில் சாரதியின் கால் மட்டுமே உண்டு.

வங்கி என்ன சொல்லும்?

இதுதான் எங்கள் பேச்சின் நடுப்பகுதி. கனவு கண்டவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. வாடகை வீடு. கையில் சிறிது சிறிதாகச் சேர்த்த காசு.

வீட்டுக் கடனுக்கு வீட்டின் விலையில் பத்து வீதம் எங்கள் சொந்தப் பணமாக இருக்கவேண்டும். 2024ஆம் ஆண்டு முடியும்வரை அது பதினைந்து வீதமாக இருந்தது. 40 இலட்சம் குரோணர் பெறுமதியான தொடர்மாடி வீடு என்றால் கையில் 4 இலட்சம் வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய 911 ஒன்று அந்த 4 இலட்சத்தையும் விழுங்கி இன்னும் கேட்கும்.

"அப்ப காருக்குக் கடன் எடுப்பம்" என்றார் அவர். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன், பொதுவாக, ஆண்டு வருமானத்தின் ஐந்து மடங்கைத் தாண்டக்கூடாது. கார்க் கடனும் அந்த மொத்தத்திலேயே சேரும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 8 இலட்சம் உழைத்தால் எல்லை 40 இலட்சம். அதில் 3 இலட்சம் காருக்குப் போனால் வீட்டுக்கு மிஞ்சுவது 37 இலட்சம். அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு ஒரு அறையாக இருக்கலாம்.

"இந்தக் காரின் விலை ஏறும், வங்கியில் போடுவதைவிட இது நல்லது" என்று எங்களில் இன்னொருவர் வாதாடினார். ஏறியிருக்கிறது, உண்மை. ஆனால் ஏறிய விலை விற்றால்தான் கைக்கு வரும். அதுவரை கராஜ் வாடகை, காப்புறுதி, உதிரிப்பாகம் எல்லாம் சம்பளத்திலிருந்துதான் போகும். ஆனை வாங்கினால் அங்குசமும் வேண்டும், தினமும் தீனியும் வேண்டும்.

வீட்டிலுள்ளவர்கள்

ஆண்கள் கூடிக் கார்க் கதை பேசும்போது பெண்களிடம் கேட்பதில்லை. நாங்கள் கேட்டோம். அவருடைய மனைவி ஒரே கேள்விதான் கேட்டார். "பிள்ளையின்ர வண்டிலை எங்க வைக்கிறது?"

பதில் இல்லை. 911இன் பின் ஆசனம் பெயருக்குத்தான் ஆசனம். பெட்டி முன்னால் இருக்கிறது, அதுவும் சிறியது. பின்பக்கம் பாதுகாப்புப் பட்டி இல்லாத மிகப் பழைய கார்களில் பிள்ளைகளின் ஆசனத்தைப் பூட்டவே முடியாது. ஊரில் ஒரு காரில் ஒன்பது பேர் போனோம் என்பது இங்கு செல்லாது.

வாங்குவதென்றால்

இவ்வளவும் அறிந்தபின்னும் வாங்க விரும்புவோர் சிலவற்றைச் செய்யவேண்டும். இவற்றில் பல சாதாரண பாவித்த காருக்கும் உரியவை.

முதலாவது, காரின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விற்பவரின் பழைய கடன் காரோடு சேர்ந்து வரும். கடன்காரர் காரையே எடுத்துச் செல்லலாம். புறொன்னொய்சுண்ட் பதிவகத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் இலவசமாக அறியலாம்.

இரண்டாவது, ஈயூ-கொன்ட்ரோல் எனப்படும் பரிசோதனை எப்போது நடந்தது, அடுத்தது எப்போது என்பதை வீதி நிர்வாகமான ஸ்டாட்டென்ஸ் வேக்வேசனின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். சாதாரண கார்களுக்கு நான்காம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையும் அது கட்டாயம்.

மூன்றாவது, தெரிந்த மெக்கானிக்கையோ, 1924 முதல் இயங்கும் நாஃப் என்ற வாகனக்காரர் சங்கத்தின் பரிசோதனை நிலையத்தையோ கொண்டு பார்ப்பிக்கவேண்டும். சிறிய காந்தம் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூசி மறைத்த புட்டிதான் இருக்கிறது.

நான்காவது, வியாபாரியிடம் வாங்கினால் குறைபாடு பற்றி முறையிட ஐந்து ஆண்டுவரை உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் இரண்டு ஆண்டுகளே. எதுவானாலும் பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்தாவது, 30 வயது கடந்த காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் பதிவு வரி மிகக் குறைவு. பழைய கார்களுக்கான மலிவான காப்புறுதியும் உண்டு. ஆனால் அதற்குப் பொதுவாக அன்றாடப் பாவனைக்கு வேறு கார் இருக்கவேண்டும், ஓடும் தூரத்துக்கும் எல்லை உண்டு. வேலைக்குப் போகவும் இதுதான், விழாவுக்குப் போகவும் இதுதான் என்றால் அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் முடிவு

நாங்கள் நால்வரும் ஒரு விதி வகுத்தோம். வீட்டின் முற்பணம் கட்டி முடியவேண்டும். பிள்ளைகளுக்குப் பட்டி பூட்டக்கூடிய, பனிக்காலத்தில் நம்பி ஓட்டக்கூடிய ஒரு கார் வாசலில் நிற்கவேண்டும். பழைய காருக்குக் காய்ந்த கராஜ் வேண்டும். மூன்றும் இருந்தால் வாங்கலாம், யாரும் குறை சொல்லத் தேவையில்லை. ஒன்று குறைந்தாலும் பொறுக்கவேண்டும்.

அவருக்கு மூன்றும் இல்லை. சில நாள் முகம் வாடியிருந்தார். பிறகு காசை வீட்டுக் கணக்கிலேயே விட்டார். விலை ஏறும் என்று வாதாடியவர் இன்றும் அதையேதான் சொல்கிறார். அது அவர் கருத்து.

ஆனால் ஆசையே பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். உழைப்பது கடனுக்கும் ஊருக்கு அனுப்பவும் மட்டும் என்று வாழ்ந்தால் மனம் காய்ந்துவிடும். பெரிய ஆசைக்குக் காலம் வராவிட்டால் சிறியதில் தொடங்கலாம். கோடைகாலத்தில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடங்களுக்குப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். கேட்டால் மூடியைத் திறந்து காட்டுவார்கள். ஒயில் படிந்த கையோடு நிற்கும் நோர்வேஜியர் வேறு மனிதர். எங்கள் நண்பர் இப்போது சனிக்கிழமைகளில் அப்படிப்பட்ட ஒருவரின் கராஜில் பொப்லெ ஒன்றின் கறள் சுரண்டிக்கொண்டிருக்கிறார். சம்பளம் இல்லை. கோப்பி உண்டு, வேலை பழகுகிறார், மொழியும் வருகிறது.