பறவைக் காய்ச்சல்: புரதத்தில் நிகழும் மாற்றமும் புத்தளக் கரையோரமும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதமளவில் வடதிசையிலிருந்து வலசை வரும் பறவைகள் புத்தளம் மாவட்டத்தின் களப்புகளிலும் உப்பளங்களிலும் குளங்களிலும் வந்திறங்கத் தொடங்குகின்றன. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதே மாவட்டம், அயலிலுள்ள குருநாகல் மாவட்டத்துடன் சேர்ந்து, நாட்டின் கோழி வளர்ப்பின் முக்கிய மையமாகவும் விளங்குகின்றது. இன்புளுவென்சா ‘ஏ’ வைரஸின் இயற்கை உறைவிடம் நீர்ப்பறவைகளே என்பதை நினைவிற் கொண்டால், இவ்விரண்டும் அருகருகே அமைந்திருப்பதன் முக்கியத்துவம் விளங்கும்.

எச்5என்1 வைரஸ் 1997 இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி, அவர்களுள் 6 பேரின் உயிரைப் பறித்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற இலங்கையரான பேராசிரியர் மலிக் பீரிஸ், ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வைரஸை ஆராய்ந்த முன்னணி அறிஞர்களுள் ஒருவராவார். 2006 இல் மகாராஷ்டிர மாநிலத்தின் நவாப்பூரிலும், 2014 இல் கேரளத்தின் ஆலப்புழை வாத்துப் பண்ணைகளிலும் பறவைக் காய்ச்சல் பரவியது. கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவை எனினும் அவை நமக்குத் தூரத்துச் செய்திகளல்ல.

நீர்ப்பறவையின் குடலில் பெரிதாகத் தீங்கின்றி வாழும் வைரஸ், கோழிக் கூட்டத்தையே சில நாட்களில் அழிக்கும் வைரஸாக மாறுவது எவ்வாறு? விடை, வைரஸின் புரதங்களில் நிகழும் இரசாயன மாற்றங்களில் பெரிதும் தங்கியுள்ளது.

இன்புளுவென்சா வைரஸிடம் இருப்பவை எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளும் சில புரதங்களுமே. தனது புரதங்களை முழுமைப்படுத்தும் நொதியங்களுக்கு அது தான் தொற்றிய கலத்தையே நம்பியிருக்கின்றது. அதன் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளுட்டினின் என்னும் புரதம் ஒரே துண்டாக உருவாகின்றது. கலத்தின் நொதியமொன்று அதனை இரண்டாக வெட்டினால் மாத்திரமே அடுத்த கலத்தினுள் நுழையும் ஆற்றல் வைரஸுக்குக் கிடைக்கும். சாதாரண வைரஸ்களில் இவ்வெட்டு நிகழும் இடத்தைச் சுவாசப் பாதையிலும் குடலிலும் உள்ள சில நொதியங்களே அடையாளம் காண்கின்றன. ஆகவே தொற்றும் அங்கேயே மட்டுப்படுகின்றது. எச்5, எச்7 வகை வைரஸ்கள் கோழிகளிடையே பரவும்போது, அவ்விடத்திற் காரத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் பல சேர்ந்துவிடுவதுண்டு. அப்போது உடலெங்கும் காணப்படும் பியூரின் என்ற நொதியமே வெட்டும் வேலையைச் செய்துவிடுகின்றது. மூளை, ஈரல், இருதயம் என எல்லா உறுப்புகளும் தொற்றுக்கு உள்ளாகின்றன. வைரஸின் கொடுமையை மதிப்பிடும் ஆய்வுகூடங்கள் இவ்வெட்டிடத்தைக் கவனமாக நோக்குவதன் காரணம் இதுவே.

வேறு மாற்றங்களும் உள்ளன. ஆர்.என்.ஏ.யைச் சூழ்ந்திருக்கும் கருப் புரதத்தின் மீது கலத்தின் நொதியங்கள் பொசுபேற்றுக் கூட்டத்தைப் பொருத்துகின்றன. பொசுபேற்று இருக்கும்வரை அப்புரதம் தனித்து நிற்கும். நீங்கியதும் ஒன்றோடொன்று கோத்து ஆர்.என்.ஏ.யைத் தாங்கும் சங்கிலியாகும். பொசுபேற்று நிரந்தரமாக இருப்பது போன்ற அமைப்பை ஆய்வுகூடத்தில் உருவாக்கியபோது சங்கிலி அமையாது வைரஸின் பெருக்கம் குன்றியது. ஹீமக்ளுட்டினினின் அடிப்பகுதியிற் பிணைக்கப்படும் கொழுப்பமிலங்களும் அத்தகையவையே. அவற்றை இழந்த வைரஸ்கள் நன்கு வளர்வதில்லை.

உடலும் வாளாவிருப்பதில்லை. தொற்றை உணர்ந்த கலம், ஐ.எஸ்.ஜி.15 என்ற சிறிய புரதத்தை வைரஸின் என்.எஸ்.1 புரதத்துடன் பிணைத்து அதனைப் பலவீனப்படுத்துகின்றது. இன்புளுவென்சா ‘பி’ வைரஸோ அச்சிறிய புரதத்தையே பற்றித் தடுத்து இப்பாதுகாப்பை முறியடிக்க முனைகின்றது.

தடுப்பூசியிலும் இம்மாற்றங்களின் தாக்கம் உண்டு. 2014 அளவில் பரவிய எச்3என்2 வைரஸ்கள் ஹீமக்ளுட்டினினின் மீது புதியதொரு சர்க்கரைக் கூட்டத்தைப் பெற்றிருந்தன. கோழி முட்டையில் வளர்க்கப்பட்ட தடுப்பூசி வைரஸ் அதனை இழந்தது. இதனால் 2016-2017 பருவத்திற் தடுப்பூசி உருவாக்கிய பிறபொருளெதிரிகள், உண்மையிற் பரவிய வைரஸைச் சரிவர அடையாளம் காணவில்லை.

மருந்தைப் பொறுத்தவரை, வைரஸின் புரதத்தைத் தாக்கும் ஒசெல்டாமிவிருக்கு 2008-2009 பருவத்தில் எச்1என்1 வைரஸ்களிற் பெரும்பாலானவை எதிர்ப்பைப் பெற்றிருந்தன. கலத்தின் நொதியங்களைத் தடுத்தால் வைரஸ் எளிதில் தப்ப இயலாது என்பது ஆய்வாளரின் நம்பிக்கை. எனினும் அந்நொதியங்கள் நம் உடலுக்கும் தேவையானவை என்பதால் இவ்வழியில் எச்சரிக்கை அவசியமாகின்றது.

அதுவரை நமது காவல் நமது கையிலேயே உள்ளது. கோழிகளையும் வாத்துகளையும் காட்டு நீர்ப்பறவைகள் அருந்தும் நீரிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். பறவைகள் திடீரெனக் கூட்டமாக இறப்பின் அவற்றைக் கையால் தொடாது கால்நடை வைத்தியருக்கு உடன் அறிவித்தல் வேண்டும். இறந்த பிராணியை உண்ணலாகாது என்பது முஸ்லிம்கள் நன்கறிந்த மார்க்க விதியாகும். ஆயின் நோயுற்ற கோழியை இறக்குமுன் அறுத்து அவசரமாக விற்றுவிடும் ஆசையே பெரிய ஆபத்து. அறுப்போருக்கும் இறகு களைவோருக்குமே தொற்று முதலில் நேரும். நன்கு வேகவைத்த இறைச்சியால் அச்சமில்லை.

உண்மையை அறிவிக்கும் பண்ணையாளர் தமது வாழ்வாதாரத்தை இழப்பாராயின், அடுத்தவர் மௌனமே சாதிப்பார். எனவே அறிவிப்போருக்கு உரிய நட்டஈட்டை முன்கூட்டியே உறுதிசெய்வது அரசின் கடமையாகும்.